நாய்க் கழிவை உரமாக்கலாமா? நான் செய்த தப்பும் இப்போது செய்வதும்

(சென்ற மாதம் நடந்த சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செக்ரட்டரி சார் போன வாரம் போன் செய்து, "சார், நீங்கதான் பின்பக்கத்துல டிரம் வச்சு ஏதோ செய்றீங்களே, அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். என்ன தலைப்பு போடுவது என்று அவருக்கே தெரியவில்லை. சுற்றறிக்கையில் "செல்லப்பிராணிகளும் சுகாதாரமும்" என்று போட்டிருந்தார். விஷயம் நாய்ப்பீதான். அப்படியே சொல்லிக்கொண்டிருந்தால் முன்வரிசைப் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பதால், இனிமேல் கழிவு என்றே சொல்கிறேன்.

இதை இன்று பேசக் காரணம் இருக்கிறது. பி பிளாக் பின்னால் மூன்றடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, எல்லா வீட்டு நாய்க் கழிவையும் அதில் போட்டு மூடலாம், உரமும் ஆகிவிடும் என்று ஒரு யோசனை வந்து, வாட்சப் குழுவில் பதினெட்டுப் பேர் கட்டைவிரலும் தூக்கிவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் வந்த யோசனைதான். ஆனால் அந்த இடத்தில் அது வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். நான் பி.காம். படித்தவன், விஞ்ஞானி இல்லை. இதில் ஒரு பெரிய தப்பைச் செய்து, அதைத் திருத்திக்கொள்ளப் போய்க் கொஞ்சம் படித்தவன், அவ்வளவுதான்.

முதலில் அந்தத் தப்பைச் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு ஏற்கெனவே தெரியும்.

எங்கள் மணி குட்டியாக வந்த சமயம். எங்களுடையது தரைத்தள வீடு, பின்னால் பத்தடிக்கு நாலடி மண் இருக்கிறது. சமையலறைக் கழிவை மக்க வைக்க மூன்றடுக்கு மண்பானை வைத்திருந்தேன். காய்கறித் தோல், டீத்தூள், காய்ந்த இலை, மேலே கொஞ்சம் புளித்த மோர். நன்றாகவே உரம் வந்துகொண்டிருந்தது. மணியின் கழிவைத் தினமும் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட எனக்கு மனம் வரவில்லை. மாட்டுச் சாணம் உரம் என்றால் நாய்க் கழிவு மட்டும் ஏன் ஆகாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, அதையும் பானைக்குள் போட ஆரம்பித்தேன். நாலு மாதத்தில் கறுப்பாக, பொலபொலவென்று, மண்வாசனையோடு உரம் வந்தது. கெட்ட வாடையே இல்லை. எனக்கு ஒரே பெருமை. இரண்டு பை நிறைய எடுத்துக்கொண்டு போய், மொட்டை மாடியில் கீரை போடும் நாலாவது மாடி மாமியிடம் கொடுத்தேன். என்ன போட்டுச் செய்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்கடுத்த மாதம் மணிக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தேன். கால்நடை டாக்டர் பேச்சுவாக்கில், "கழிவை என்ன பண்றீங்க சார்?" என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, "கீரைக்கா போட்டீங்க?" என்றார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

அவர் சொன்னதன் சாரம் இது. நாய்க்குட்டிகளில் பெரும்பாலானவை பிறக்கும்போதே வயிற்றில் உருண்டைப் புழுவோடுதான் பிறக்கின்றன. தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போதே தொற்றிவிடும். டாக்ஸோகாரா என்று பெயர். அந்தப் புழு போடும் முட்டைகள் கண்ணுக்குத் தெரியாது, ஓடு கெட்டியானது, மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மனிதர் வயிற்றுக்குள் போனால் அங்கே முழுப் புழுவாக வளராது. ஆனால் குஞ்சுப்புழு குடலைத் துளைத்துக்கொண்டு கல்லீரல், நுரையீரல் என்று அலையும். அபூர்வமாகக் கண்ணுக்குள் போய்ப் பார்வையையும் பாதிக்கும். மண்ணில் விளையாடி அதே கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். இன்னொன்று கொக்கிப்புழு. அது வாய் வழியாக வர வேண்டும் என்பதே இல்லை, வெறுங்காலோடு மிதித்தால் தோல் வழியாகவே நுழையும். காலில் சிவப்பாகக் கோடு கோடாக ஊர்ந்த மாதிரி அரிப்பு வருமே, அது இதன் வேலையாக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் நேரே நாலாவது மாடிக்குத்தான் போனேன். படியில் ஏறும்போது, சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு முறை நின்றேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. சொன்னேன். மாமி ஒன்றும் பேசவில்லை. அதற்குள் இரண்டு முறை அந்த முளைக்கீரையைப் பறித்து மசித்துச் சாப்பிட்டாகிவிட்டது. லீவுக்கு வந்திருந்த பேரனும் சாப்பிட்டிருக்கிறான். மறுநாளே எல்லோரும் அவர்கள் குடும்ப டாக்டரிடம் போனார்கள். வேகவைத்துச் சாப்பிட்டதால் பெரிதாகப் பயப்பட வேண்டாம், ஏதாவது தொந்தரவு தெரிந்தால் உடனே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. பதினாலு பை மண்ணையும் கொட்டிக் கட்டி அனுப்பிவிட்டு, புதிதாகச் செம்மண்ணும் மாட்டு எருவும் வாங்கி நானே நிரப்பிக் கொடுத்தேன். மாமி என்னோடு திரும்பப் பேச மூன்று மாதம் ஆனது. அதில் அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

சரி, மாட்டுச் சாணம் ஆகும், நாய்க் கழிவு ஏன் ஆகாது? என்னை ஏமாற்றியது இந்தக் கேள்விதான் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். மாடு புல்லும் வைக்கோலும் தின்கிறது. அதன் சாணத்தில் செரிக்காத நார்தான் அதிகம். நாய் சாப்பிடுவது கறி, முட்டை, தயிர்சாதம், கடைத் தீவனம். அதன் கழிவில் நார் குறைவு, தழைச்சத்து அதிகம். அதனால்தான் அந்த நாற்றம். மக்குவதற்குக் கரிச்சத்து 25, 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்வார்கள். நாய்க் கழிவு தனியாக அந்தக் கணக்குக்கு அருகிலேயே வராது. உலர்ந்த பொருள் நிறையச் சேர்த்தால்தான் சரியாகும். ஆனால் முக்கியமான வித்தியாசம், நம் உடம்புக்குள் நுழையக்கூடிய புழுக்கள் நாயிடம் இருப்பதுதான். மாட்டுச் சாணத்தில் கிருமியே இல்லை என்று அர்த்தமில்லை. அதையும் கிராமத்தில் பச்சையாகவா கீரைக்குப் போட்டார்கள்? எருக்குழியில் போட்டு மக்க வைத்துத்தான் வயலுக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த கேள்வி, மக்கினால் புழு முட்டை செத்துவிடாதா? சாகும், சூடு வந்தால். உரக்குவியலின் உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் நாள்கணக்கில் சூடு நிற்க வேண்டும். பெரிய உரக்கிடங்குகளில், குவியலைப் புரட்டிப் போட்டுக்கொண்டே 15 நாள் அந்தச் சூட்டில் வைப்பது என்று விதி வைத்திருக்கிறார்கள். நம் மண்பானையில் அந்தச் சூடு வருமா? இதற்காகவே நீளக் கம்பி வைத்த வெப்பமானி ஒன்று வாங்கி, ஒரு மாதம் தினமும் காலையில் குத்திப் பார்த்து நோட்டில் எழுதினேன். முப்பத்தைந்து வருடம் லெட்ஜர் எழுதிய கை, சும்மா இருக்காது. ஒருநாள்கூட 42-ஐத் தாண்டவில்லை. மே மாதத்தில் நம் ஊர் வெயிலே அவ்வளவு அடிக்கிறது.

நம் ஊர் வெயிலிலேயே வராத சூடு வேறு எங்கே வரும் என்று கேட்பீர்கள். அலாஸ்காவில் வந்தது. வேடிக்கையாகச் சொல்லவில்லை. அங்கே ஃபேர்பேங்க்ஸ் என்ற ஊரில் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களைக் கூட்டம் கூட்டமாக வளர்க்கிறார்கள். அவற்றின் கழிவை என்ன செய்வது என்று சோதித்துப் பார்த்து, அமெரிக்க விவசாயத் துறை 2005-ல் ஒரு சிறு வழிகாட்டிப் புத்தகமே போட்டிருக்கிறது. இரண்டு பங்கு கழிவுக்கு ஒரு பங்கு மரத்தூள், போதுமான ஈரம், அவ்வப்போது புரட்டுவது. குவியல் உள்ளே 60 டிகிரிக்கு மேல் போகிறது. ஏனென்றால் இந்தச் சூடு வெயிலில் வருவதில்லை, நுண்ணுயிர்கள் வேலை செய்வதில் வருவது. அந்தச் சூடு வெளியே போகாமல் உள்ளேயே தங்க, குவியல் பெரிதாக இருக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒவ்வொரு மீட்டராவது வேண்டும். ஐம்பது நாய் வைத்திருப்பவருக்கு அது சுலபம். ஒரு நாய் வைத்திருக்கும் எனக்கு அந்த அளவு சேர வருடக்கணக்காகும். இத்தனையும் செய்த அவர்களே, அந்த உரத்தைச் சாப்பிடும் பயிருக்குப் போட வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது பி பிளாக் குழிக்கு வருகிறேன். எல்லோர் வீட்டுக் கழிவும் சேர்ந்தால் அளவு வருமே, சூடும் வருமே என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் நம்மிடம் இருப்பது பன்னிரண்டு நாய். மூன்றடிக் குழிக்குள் காற்றும் போகாது, புரட்டவும் முடியாது. காற்று இல்லாவிட்டால் அது மக்காது, அழுகும். அதைவிடப் பெரிய விஷயம், அந்த இடம். தயவுசெய்து நாளை காலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். குழி வெட்டக் குறித்திருக்கும் இடத்திலிருந்து ஏழெட்டு அடியில் மழைநீர் சேகரிப்புக் குழி. 2003-ல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கியபோது, நம்மிடம் இருந்த மூத்த உறுப்பினர்கள் அலைந்து திரிந்து போட்ட குழி அது. அதற்கு அந்தப் பக்கம் போர்வெல். மழைத் தண்ணீரை நேராக நிலத்தடிக்கு அனுப்பத்தான் ஒன்றைத் தோண்டியிருக்கிறோம். அதன் பக்கத்திலேயே இன்னொன்றைத் தோண்டிக் கழிவைப் போட்டால், ஐப்பசி, கார்த்திகையில் என்ன ஆகும்? 2015 டிசம்பரில் சம்ப்புக்குள் வெள்ளம் புகுந்து, பத்து நாள் லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு நின்றோமே, அன்று அந்தப் பின்பக்கம் முழுக்க முழங்கால் தண்ணீர். குழியில் இருப்பது குழியிலேயே இருக்காது.

நாய் வளர்ப்பவர்கள்மேல் கோபமாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோபத்தில் நியாயம் இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் மணல்மேட்டில் கழிவு கிடந்த படத்தைக் குழுவில் நானும் பார்த்தேன். ஆனால் "நாயே வளர்க்கக் கூடாது என்று தீர்மானம் போடுங்கள்" என்பது நடக்காது. சங்கத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே தெளிவாக எழுதிவிட்டது. கழிவை உடனே எடு என்று கேட்பது வேறு, அதைக் கேட்க எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. 'உடனே' என்ற சொல்லை நான் சும்மா சொல்லவில்லை. உருண்டைப் புழு முட்டை, கழிவு விழுந்த அன்றே தொற்றாது. மண்ணில் கிடந்து பக்குவமாக இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். அன்றன்றைக்கு எடுத்துவிட்டால் அந்த முட்டைக்கு வேலையே இல்லை. அப்புறம் எடுக்கலாம் என்று விட்டு, மழை பெய்து கரைந்து மண்ணோடு போய்விட்டால் அதன் பிறகு எடுக்க முடியாது, கிடப்பது கண்ணுக்கும் தெரியாது.

சரி, அப்போது என்னதான் செய்வது? மாடி வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்லும் வழி மிகச் சாதாரணமானது. பழைய செய்தித்தாளில் எடுத்துக்கொண்டு வந்து, கழிவை மட்டும் கழிப்பறைக்குள் தட்டித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். நம் கழிவு போகும் இடத்துக்கே அதுவும் போகட்டும். தாளையோ கவரையோ உள்ளே போடாதீர்கள், அடைப்பு எடுக்க ஆள் கூப்பிட்டால் செலவு மெயின்டனன்ஸில்தான் விழும். பூனை வளர்க்கும் நாலு வீட்டுக்கும் இது பொருந்தாது. பூனை மண் தண்ணீரில் இறுகிக் குழாயையே அடைத்துவிடும். அதைக் கட்டித் தனியாகக் குப்பைக்குத்தான் கொடுக்க வேண்டும். பூனைக் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்று வேறொரு கிருமி வரலாம், வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கும். வீட்டில் மாசமாக இருக்கும் பெண்கள் இருந்தால் பூனை மண் மாற்றும் வேலையை வேறு யாராவது செய்யுங்கள். மாப்பிள்ளைகள் செய்யலாம், தப்பில்லை.

பின்பக்கம் மண் இருக்கும் தரைத்தளக்காரர்கள் ஆறு வீடு. அவர்களுக்குத்தான் டிரம். நான் இரண்டு வருடத்துக்கு மேலாகச் செய்வதைச் சொல்கிறேன். மூடி உள்ள 100 லிட்டர் பிளாஸ்டிக் டிரம், பழைய சாமான் கடையில் கிடைக்கும். தரையில் புதைக்கவில்லை, நாலு செங்கல் மேல் நிற்கிறது. மேல்பாதியில் சுற்றிலும் விரல் நுழையாத அளவு ஓட்டைகள், உள்பக்கம் கொசுவலை. அடியில் ஓட்டையே கிடையாது. அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூள், வடியும் ஈரத்தை அது குடித்துவிடும். தினமும் மணியின் கழிவு, சுமார் கால் கிலோ. அதன்மேல் அதே அளவு மரத்தூள். அலாஸ்காக்காரர்கள் பாதிதான் போடுகிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது போதவில்லை, இரண்டாவது வாரமே ஈ மொய்த்தது. மரத்தூள், மரம் அறுக்கும் கடையில் ஒரு சாக்கு சொற்பக் காசுக்குக் கொடுப்பார்கள். பிளைவுட் தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும். கழிவின் முகமே தெரியாத அளவுக்கு மூடினால் வாடை கிடையாது. வாடை வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் ஒரு கை தூள் போட்டு, இதற்கென்றே வைத்திருக்கும் கம்பியால் கிளறிவிடுவேன். 'மக்கும் கவர்' என்று அச்சடித்து விற்கிறார்களே, அதை அப்படியே போட்டுப் பார்த்தேன். ஏழு மாதம் கழித்தும் எழுத்துகூட அழியாமல் கிடந்தது.

முதலில் இரண்டு டிரம் போதும் என்று நினைத்தேன். ஒன்று நிரம்ப ஏழு மாதம் ஆகிறது. நிரம்பியதை ஒரு வருடத்துக்குக் குறையாமல் தொடாமல் மூடி வைக்க வேண்டும் என்பது நானே வைத்துக்கொண்ட விதி. இரண்டு டிரம் என்றால் ஏழே மாதத்தில் முதலாவதைக் காலி செய்தாக வேண்டும். அதனால் மூன்று. இந்தக் கணக்கு வங்கிக்காரனுக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

சூடு வராத டிரம்மில் ஒரு வருடம் கழித்தும் எல்லா முட்டையும் செத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆகவே வருவதைச் சுத்தமான உரம் என்று நினைத்து நான் கையாளுவதில்லை. கையுறை போட்டுக்கொண்டுதான் எடுப்பேன். சுவரோரம் இருக்கும் காகிதப்பூவுக்கும் புங்க மரத்துக்கும் மட்டும், அரை அடி பள்ளம் பறித்துப் போட்டு, மேலே மண் தள்ளி மூடிவிடுவேன். கீரை, தக்காளி, கறிவேப்பிலை, துளசி எதற்கும் கிடையாது. செம்பருத்திக்குப் போடலாமா என்று ஒருமுறை யோசித்தேன். "சாமிக்குப் பறிக்கிற பூவுக்கா?" என்றாள் என் வீட்டம்மா, அத்தோடு சரி. பக்கத்து வீட்டுக்கு, சொந்தக்காரருக்கு, யாருக்கும் ஒரு பிடிகூடக் கொடுப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால், நாய்க்குப் பூச்சி மாத்திரை. குட்டிகளுக்கு அடிக்கடி, வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எடை பார்த்து டாக்டர் சொல்லும் அளவில். மணிக்குக் கொடுக்கும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். மாத்திரை கொடுத்த பின் மூன்று நாள் கழிவும், வயிற்றுப்போக்கு இருக்கும் நாள் கழிவும் டிரம்முக்குப் போகாது, கழிப்பறைக்குத்தான்.

சி பிளாக் பின்னால் இருக்கும் பொது உரத்தொட்டியில் இந்த மாதமும் இரண்டு முறை கறுப்புக் கவர் கிடந்ததாகத் தோட்டக்காரர் சொன்னார். யார் என்று கேட்கப் போவதில்லை. நானும் ஒரு காலத்தில் அதையே செய்தவன். ஆனால் அந்தத் தொட்டி உரத்தை எட்டு வீட்டுக்காரர்கள் மாடித் தோட்டத்துக்கு எடுத்துப் போகிறார்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியது நம் கடமை என்பதால், இந்த முறை தொட்டியில் இருப்பதைப் பூச்செடிகளுக்கு மட்டும் போடச் சொல்லித் தாள் ஒட்டும்படி செக்ரட்டரி சாரிடம் கேட்டிருக்கிறேன். கீரை போடும் மாமிதான் அந்தத் தாளை எழுதிக் கொடுத்தார். கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

பி பிளாக் குழியைப் பற்றி இன்று கை தூக்கி முடிவு செய்யப் போகிறீர்கள். என் கை எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டேன். டிரம் வைக்க விரும்பும் ஆறு வீட்டுக்கும் முதல் சாக்கு மரத்தூள் என் செலவு. அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் இரண்டாவது டிரம்மைத் திறக்கிறேன். பார்க்க வருபவர்கள் வரலாம், செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள்.